நாலாவது நாள்

டேடன், ஒஹையோ
மார்ச் 8

அன்புள்ள ஆர்வெல்லா அக்காவுக்கு,

நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். மழை வருவதை மட்டும் என் முதுகு டிவிக்காரனுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டென்சில் அண்ணன் எப்படி இருக்கிறான்?

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அம்மா போனதிலிருந்து நாம் போனில் பேசிய ஒவ்வொரு தடவையும் நம்மில் ஒருத்தி பாதியில் வைத்துவிடுகிறாள். காகிதத்தில் எழுதினால் நீ கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு பேசினேன். கூடைப்பந்து ஆட்டத்தில் நம் பையன்கள் எப்படிக் கோட்டை விட்டார்கள் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு சத்தம் கேட்டது. நாய்க்குட்டியை யாரோ மிதித்தது போல இருந்தது. என்ன அது என்றேன். "நாற்காலி" என்றான். அக்கா, அது நாற்காலி இல்லை.

புற்று எலும்புக்குப் போய்விட்டது என்று நீ சொன்னபோதே வலிக்கும் என்று தெரியும். ஆனால் அவன் இருப்பது உன் வீட்டில். பட்டர்நட் பள்ளத்தாக்கு முழுக்க உன்னை டாக்டரம்மா என்கிறது. ஊருக்கெல்லாம் மருந்து எழுதுகிற கை, கூடப்பிறந்தவனுக்கு எழுதாதா? கோபமாகக் கேட்கவில்லை. சும்மா கேட்கிறேன்.

மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளுக்கு வருகிறேன். காட்டு வெங்காயம் முளைத்துவிட்டதா?

அன்புடன்,
ட்ரீமா


பட்டர்நட், கெண்டக்கி
மார்ச் 19

அன்புள்ள தங்கச்சி ட்ரீமாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பழையபடி நொண்டுகிறது. அண்ணன் சாப்பிடுகிறான், கொஞ்சம்.

நீ சும்மா கேட்டதைத்தான் கிளினிக்கில் தினமும் யாராவது கேட்கிறார்கள். நான் மருந்து எழுதும் நர்ஸ், டாக்டர் இல்லை. இருமல், சர்க்கரை, ரத்த அழுத்தம், காதுவலி எல்லாவற்றுக்கும் எழுதலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அபின் வகை வலி மாத்திரை என்றால் மட்டும் சட்டம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று நாளைக்கு எழுதலாம். நாலாவது நாளைக்கு ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்குக் கையெழுத்துப் போடும் டாக்டர் பிராத்தர் இருப்பது லெக்சிங்டனில். சொந்த ரத்தத்துக்கு அந்த மூன்று நாள்கூட நான் எழுதக் கூடாது. டாக்டர் வராத வாரம் அண்ணனுக்கு என் கூட வேலை செய்யும் டாம்ரா எழுதுவாள். அவள் எழுதும்போது நான் அடுத்த அறையில் போய் நின்றுகொள்வேன்.

இந்தச் சட்டத்தைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த மாத்திரையின் போதையால் இந்தப் பள்ளத்தாக்கில் யார் யாரைப் புதைத்தோம் என்பது உனக்குத் தெரியாததா.

டாக்டரம்மா எல்லாம் பழைய கதை. இப்போது எனக்குப் பெயர் "மூணு நாள் அம்மா". போன வாரம் கிளினிக்கில் ஒருத்தர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஏசு மூணு நாள்ல எந்திரிச்சுட்டாரு, மூணு நாள் அம்மா. என் முதுகுதான் எந்திரிக்க மாட்டேங்குது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கடைசிக் காலப் பராமரிப்பு நர்சுகளைக் கூப்பிடலாம் என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டால் இந்த மூன்று நாள் தொல்லையே இல்லை. "அவங்க வெள்ளைக் கார் நம்ம வாசல்ல நின்னா, இந்த வீட்ல மாத்திரை இருக்குன்னு பள்ளத்தாக்கு பூரா தெரிஞ்சிடும். அப்புறம் எனக்கு நர்ஸ் வேணாம், துப்பாக்கிதான் வேணும்" என்கிறான். அவன் சொல்வது பொய்யும் இல்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். போதகர் கோம்ப்ஸ் அண்ணனைப் பார்க்க வந்தார். மூன்று கப் காபி குடித்தார். ஜெபத்தின் பாதியில் கால் மேல் கால் போட்டார், பிறகு காலை மாற்றிப் போட்டார். ஆமென் சொன்ன கையோடு காரில் ஏறிப் பறந்துவிட்டார். பாத்ரூம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார். மருந்து அலமாரி எல்லோர் வீட்டிலும் பாத்ரூமில்தானே இருக்கிறது. நோயாளி உள்ள வீட்டில் போய் பாத்ரூம் கேட்டால், அந்த ஆளைப் பற்றி ஊர் ஒரு மாதம் பேசும். அதனால் எல்லோரும் மலையடிவாரப் பெட்ரோல் பங்கிலேயே காரியத்தை முடித்துக்கொண்டு வருகிறார்கள். அண்ணன் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டான்.

காட்டு வெங்காயம் இன்னும் வரவில்லை. நீ வா.

உன் அக்கா,
ஆர்வெல்லா


டேடன்
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

பாவம் போதகர். அவரை நினைத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன். கூட வேலை செய்கிறவள் எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

இத்துடன் ஒரு பெட்டி ஓட்ஸ் கேக் வரும். அண்ணனுக்கு. நீ ஒன்று மட்டும் எடுத்துக்கொள். அப்பாவும் அண்ணனும் சுரங்கத்திலிருந்து வரும்போது சாப்பாட்டு வாளியில் எப்போதும் பாதிக் கேக் மிச்சமிருக்குமே, அதற்கு நாம் இரண்டு பேரும் எப்படி அடித்துக்கொள்வோம். நம் மேல் பாசத்தில் மிச்சம் வைக்கிறார்கள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நீ எழுதியதில் ஒன்று புரியவில்லை. மூன்று நாள் தருவார்கள், சரி. டாக்டர் வராவிட்டால் நாலாவது நாள் அவன் என்ன செய்வான்?

ட்ரீமா


பட்டர்நட்
ஏப்ரல் 24

அன்புள்ள ட்ரீமாவுக்கு,

இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

டாக்டர் பிராத்தர் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை டாம்ராவின் மடிக்கணினித் திரையில் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டு மருந்து எழுதுவார். நம் வீட்டில் இணையம் கிடையாது. அதனால் அண்ணனை வண்டியில் ஏற்றி, தேவாலயத்துக்கு வெளியே நிறுத்தி, தேவாலயத்து இணையத்தைக் கடன் வாங்குகிறோம். போன தடவை நல்ல மழை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த வட்டத்தைப் பார்த்து மரியாதையாக உட்கார்ந்திருந்தான். டாக்டருக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

டாம்ரா மூன்று நாளைக்கு எழுதினாள். அதே வலிக்கு மறுபடியும் எழுதினால் அவள் உரிமத்துக்கே கேள்வி வரும்.

நாலாவது நாள் அவன் என்ன செய்வான் என்று கேட்டிருந்தாய். அதை எழுத மாட்டேன். அன்று நான் கிளினிக்குக்குப் போகவில்லை.

இப்போது மாத்திரை கிடைத்து, பரவாயில்லை. ஆனால் மழை எப்போது வரும் என்று கேட்பது போல, "அடுத்த நாலாவது நாள் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். வராது என்று சொல்கிறேன்.

கேக் வந்தது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தன் பழைய சுரங்கக் கோட்டுப் பையில் போட்டுவைக்கிறான். எறும்பு வரிசை கட்டி வந்தது. திட்டினேன். கேட்டால்தானே.

உன் அக்கா,
ஆர்வெல்லா


டேடன்
ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மா, அப்பா கல்லறைக்கு நீ கட்டிய பூ என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அண்ணன் மெலிந்துவிட்டான். ஆனால் நான் இருந்த இரண்டு நாளும் என்னைக் கேலி செய்தான். அந்த அளவுக்குத் தெம்பு இருக்கிறது.

நான் பாத்ரூம் போக எழுந்தபோது "ஒரு நிமிஷம் இரு" என்று நீ எனக்கு முன்னால் உள்ளே போனாயே, துண்டு மாற்றத்தானே? நல்ல துண்டு. நன்றி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ட்ரீமா


பட்டர்நட்
ஜூன் 15

அன்புள்ள ட்ரீமாவுக்கு,

நீ நலமா? முதுகு எப்படி இருக்கிறது? அதற்கு இப்போது ஏதாவது சாப்பிடுகிறாயா?

இங்கே ஒரு குளறுபடி. மாதம் ஒருமுறை குப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மாத்திரைகளை எண்ணிக் காட்ட வேண்டும் என்பது டாக்டரோடு ஒப்பந்தம். டாம்ரா எண்ணினாள். குறைந்தது. மறுபடியும் எண்ணினாள். குறைந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தம்தான். நிறுத்திவிட்டார்கள்.

கை தவறித் தொட்டியில் கொட்டிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களை எத்தனையோ தடவை அதே நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக்கு மட்டும் வேறு நியாயமா?

காரணம் சொல்லாமல், குப்பியில் எத்தனை இருந்தது என்று மட்டும் அண்ணனைக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு "தெரியல" என்றான்.

சாதாரண வலி மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கிறேன். அடுத்த முறை நீ வரும்போது டாம்ரா வீட்டில் தங்கிக்கொள்ளலாம். அவளிடம் ஓர் அறை சும்மா இருக்கிறது. இங்கே உனக்கு வசதிப்படாது.

ஆர்வெல்லா


டேடன்
ஜூன் 21

அக்கா,

நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. ஆறு வருடமாகச் சாப்பிடுவதில்லை. அந்தப் போதை மீட்பு விடுதி வாசலில் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டதே நீதான்.

ட்ரீமா


பட்டர்நட்
ஜூலை 30

அன்புள்ள ட்ரீமாவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் எழுதவில்லை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அண்ணன் இப்போது கட்டிலில் படுப்பதில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான். படுத்தால் இடுப்பெலும்பு தாங்கவில்லை. நான் அருகே போனால் முகத்தைச் சரிசெய்துகொள்கிறான். காலையில் அவனை அப்படியே விட்டுவிட்டு, கிளினிக்கில் போய் மற்றவர்களிடம், வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கிறேன். வாய் கூசுகிறது.

உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறான். என்னிடம் சொல்லவில்லை. போதகரிடம் சொல்லியிருக்கிறான்.

வா.

ஆர்வெல்லா


டேடன்
ஆகஸ்ட் 18

அக்கா,

நான் வந்துபோனது இதற்குள் தெரிந்திருக்கும். நீ கிளினிக்கில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தேன், நீ வருவதற்கு முன் கிளம்பிவிட்டேன். சமையலறை மேசையில் நான் வைத்துவிட்டு வந்த புகையிலை டப்பாவை நீ திறந்து பார்த்திருப்பாய். அதைப் பற்றி எழுத வேண்டியது என் கடமை. அவன் உன்னிடம் சொல்ல மாட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாத்திரையை ஏன் நிறுத்தினார்கள் தெரியுமா என்று கேட்டேன். ஏதோ சட்டம் மாறிவிட்டது, நீதான் விவரம் சொல்லவில்லை என்றான். எண்ணிக்கை குறைந்ததால் நிறுத்தினார்கள், நான் எடுத்திருப்பேன் என்று அக்கா நினைக்கிறாள் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. வலிக்குக்கூட அவன் அப்படி ஆகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "கதவுல தொங்குற என் சுரங்கக் கோட்ட எடு" என்றான். பையில் அந்த டப்பா இருந்தது. உள்ளே எல்லாம் பாதி மாத்திரைகள். நகத்தால் உடைத்திருக்கிறான். சிலது பொடியாகவே போயிருந்தது.

"பாதிய முழுங்கினேன். பாதிய வச்சேன். பாதி பத்தாத ராத்திரி குப்பியில இன்னொன்ன எடுத்து, அதுலயும் பாதிய வச்சேன். நாலாவது நாளுக்கு."

அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சேத்து வைக்கக் கூடாதுன்னு அந்த டாக்டர் காகிதத்துல கையெழுத்து வாங்கியிருக்கான். சொன்னா அவ புடுங்கிடுவா. புடுங்காம இருந்தா அவளுக்கு வேல போயிடும். ரெண்டுல எதைச் செய்யச் சொல்ல?"

நிறுத்திய பிறகாவது எடுத்து விழுங்கியிருக்கலாமே, இரண்டு மாதம் எதற்கு இப்படி உட்கார்ந்திருந்தாய் என்று அழுதேன். என்னைப் பார்த்துச் சிரித்தான். அசடைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான்.

"வாளிய காலி பண்ணிட்டா, கூரை விழுந்தா என்னடி திங்கிறது?"

அக்கா, அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். சுரங்கத்துக்குள் போகிறவன் கடைசித் துண்டைத் தின்ன மாட்டான். மேலே வந்த பிறகுதான் அது பிள்ளைகளுக்கு. நாம் அந்தக் கேக்கைத் தின்று வளர்ந்தவர்கள். கேக்கைப் பாதி தின்று பாதி வைக்கிறான், எறும்பு வருகிறது என்று எனக்கே நீ எழுதினாய். உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உனக்கு என் நினைப்புத்தான் வந்தது.

அன்று இரண்டு பாதியை விழுங்க வைத்தேன். தூங்கினான். தூங்கும்போது கிளம்பினேன்.

ட்ரீமா


பட்டர்நட்
ஆகஸ்ட் 29

அன்புள்ள ட்ரீமாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைப் பார்த்தேன். உன் கடிதம் வரும்முன்பே புரிந்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் விழித்துக்கொண்டு, "அவள ஒண்ணும் சொல்லாத" என்றான். உன்னைத்தான் சொன்னான்.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சேர்த்து வைத்ததும் ஒப்பந்தத்துக்கு விரோதம்தான், அதனால் பழையபடி எழுத முடியாது என்றார். பிறகு அவரே, கடைசிக் காலப் பராமரிப்புக்காரர்களுக்கு எழுதித் தருகிறேன், இந்தத் தடவை அவனைக் கேட்காதே என்றார். வெள்ளைக் கார் வந்தது. நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அண்ணன் கட்டிலில் படுத்தான். கால் நீட்டிப் படுத்தான், ட்ரீமா. அந்தக் காரை நான் மார்ச்சிலேயே வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும். திருடன் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது. நீயாகத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை குறைந்த அன்று டாக்டர் திரையில் இருந்தார். "வீட்டுக்கு வந்து போனவர்களில் முன்பு இதில் சிக்கினவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். பெயர் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். டாம்ரா பக்கத்தில் இருந்தாள். எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி கேட்டாள். அதையும் சொன்னேன்.

அந்த மே மாதம் நீ பாத்ரூமுக்கு எழுந்தபோது குப்பியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் நான் வேலைக்குப் போனபோது அது அலமாரியில் இருந்தது, நீ வீட்டில் இருந்தாய். அவ்வளவுதான். வேறு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை.

டாம்ராவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவமானமாக இருக்கிறது. நோயாளிகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, "கொட்டிவிட்டது" என்று சொன்ன ஒவ்வொருவர் முகமும் ஞாபகம் வருகிறது. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். எழுதினால் நீ பதில் சொல்ல வேண்டிவரும்.

அவன் உன்னைக் கேட்கிறான். உனக்கு எப்போது முடியுமோ அப்போது வா. நான் வீட்டில் இருக்கும்போது வந்தாலும் சரி, இல்லாதபோது வந்தாலும் சரி.

ஆர்வெல்லா


டேடன்
அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாகத் தூங்குகிறாயா? நான் தூங்குகிறேன். அண்ணன் கடைசியில் வலியில்லாமல் போனான் என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்துவிடுகிறது.

அடக்கம் முடிந்ததும் கல்லறையில் வைத்து என்னை ஒன்று கேட்டாய். அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்தவள், வீடு நிறைய ஆள், மேசை நிறையச் சாப்பாடு, காலையில் நீ ஏன் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் முற்றத்திலேயே நின்றாய், என் மேல் அவ்வளவு கோபமா என்று. போதகர் பக்கத்தில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். கோபம் இல்லை என்ற அர்த்தத்தில்தான் ஆட்டினேன்.

மே மாதம் நீ பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது உன் பையில் குப்பி குலுங்கியது. எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்காமல் இருக்குமா? உள்ளே போய் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் எடுத்தவளைப் போலவே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வெளியே வந்து, துண்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்டில் வந்தபோது மலையடிவாரப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். அடக்கத்துக்கு வந்தபோதும் நிறுத்தினேன். அங்கே பாத்ரூம் சாவியை ஒரு மரக்கட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள், எல்லோர் முன்னாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அங்கே முடித்துவிட்டு, பிறகு உன் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றேன். குடித்தால் கேட்க வேண்டிவரும். அத்தனை பேர் நடுவில் உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ சரி என்றுதான் சொல்வாய். அதற்கு முன்னால் ஒரு கணம் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் முடியவில்லை.

மே மாதம் பூ வைக்க வருகிறேன். அண்ணனுக்கும் சேர்த்து. டாம்ரா வீட்டு அறையை எனக்காகக் கேட்டு வை.

ட்ரீமா


பட்டர்நட்
ஏப்ரல் 20

அன்புள்ள ட்ரீமாவுக்கு,

நலம். உன் நலத்தைத்தான் தினமும் நினைக்கிறேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு குளிர்காலம் முழுதும் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பாதியில் பேனாவை வைத்துவிட்டேன்.

கிளினிக்கில் இன்னும் மூன்று நாள்தான். சட்டம் மாறவில்லை. மாத்திரை குறைந்தால் இப்போது நான் முதலில், நாலாவது நாளுக்கு எடுத்து வைத்தீர்களா என்று கேட்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். சிலர் அழுதுவிடுகிறார்கள். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காட்டு வெங்காயம் வந்துவிட்டது. உருளைக்கிழங்கோடு வதக்கி வைக்கிறேன்.

டாம்ராவிடம் அறை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அண்ணன் அறையில் உனக்குப் படுக்கை போட்டாயிற்று. அவன் கோட்டு கதவில்தான் தொங்குகிறது, நீ வந்து என்ன செய்யலாம் என்று சொல்.

அந்தப் பங்கில் நிறுத்தாதே. நேரே வீட்டுக்கு வா. வந்ததும் மூன்று கப் காபி குடிக்க வேண்டும். எழுந்து போகும்போது என்னைக் கேட்காதே.

உன் அக்கா,
ஆர்வெல்லா